மறுக்கப்பட்ட நாடு தானே கட்டிக்கொண்ட கதை: பிரான்சின் அணுகுண்டும் ராக்கெட்டும்



பாரிசுக்குப் பக்கத்தில் லா கூர்நேவில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "ஐயா, பாதுகாப்பு என்று வந்துவிட்டால் ஐரோப்பாவில் எல்லாரும் அமெரிக்காவைத்தான் பார்க்கிறார்கள். பிரான்சு மட்டும் 'என் குண்டு, என் ராக்கெட், என் செயற்கைக்கோள்' என்று தனியாக நிற்கிறதே, இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல. அதனால் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் மணி அடித்ததும் ஓடியவர்கள் இப்போதாவது உட்காருங்கள்.

நம் புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்கு இந்தக் கதை முழுக்க அந்நியமானதும் அல்ல. 'சொல்தா' என்று நாம் அழைத்த பழைய பிரெஞ்சுப் படைவீரர்களில் பலர் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் இருந்தவர்கள். அந்த இரண்டு இடங்களும் இந்தக் கதையில் வருகின்றன.

முதலில் 1940. மே 10-ஆம் தேதி ஜெர்மானியத் தாக்குதல் தொடங்கியது. ஜூன் 22-இல் பிரான்சு சரணடைந்து கையெழுத்துப் போட்டது. உலகின் பெரிய படைகளில் ஒன்று என்று பெயர் பெற்ற படை ஆறே வாரத்தில் சிதறியது. இந்த அவமானத்தை மனதில் வைத்துக்கொள்ளாமல் பின்னால் நடந்த எதையும் புரிந்துகொள்ள முடியாது.

அதே வேளையில், பலருக்குத் தெரியாத இன்னொன்றும் நடந்தது. அணுவைப் பிளக்கும் ஆராய்ச்சியில் அன்று முன்வரிசையில் இருந்தவர்களில் பாரிசில் ஃபிரெடெரிக் ஜோலியோ-கியூரியின் குழுவும் ஒன்று. மேரி கியூரியின் மருமகன்தான் அவர். 1940 மார்ச்சில் நார்வேயிலிருந்து சுமார் 185 கிலோ கனநீரை, அதாவது அன்று உலகில் இருந்த கனநீர் கையிருப்பு அநேகமாக முழுவதையும், பிரான்சு இரகசியமாகக் கொண்டு வந்தது. பாரிஸ் விழப்போகிறது என்றதும் அவருடைய சகாக்கள் இருவர் அதைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்குக் கொண்டு போனார்கள். பிறகு கனடாவின் மொன்றியலில் வேலை செய்தார்கள். ஆனால் அமெரிக்காவில் குண்டு செய்யும் வேலையின் மையத்துக்குள் பிரெஞ்சுக்காரர்களை விடவில்லை. போர் முடிந்த பிறகு, 1946-இல் அமெரிக்கா ஒரு சட்டமே போட்டது: அணு இரகசியம் எந்த நாட்டுக்கும் கிடையாது. கூட்டாளி நாடானாலும் கிடையாது.

தொடக்கத்தில் கூட இருந்தவனைப் பந்தி போடும்போது வெளியே நிற்கச் சொன்னால் எப்படி இருக்கும்? முதல் மறுப்பு இதுதான்.

1945 அக்டோபரில் தெ கோல் ஓர் அணுசக்தி ஆணையத்தை அமைத்தார். ஜோலியோ-கியூரி அதன் தலைவரானார். 1948 டிசம்பரில் 'சோயே' என்ற முதல் பிரெஞ்சு அணு உலை இயங்கியது. அப்போது குண்டு செய்வது என்ற வெளிப்படையான முடிவு எதுவும் இல்லை. அந்த முடிவை நோக்கித் தள்ளியவை அடுத்து வந்த இரண்டு அடிகள்.

1954 மே 7. வியட்நாமில் தியன் பியன் பூ கோட்டை வீழ்ந்தது. சூழப்பட்டுக் கிடந்த படையைக் காக்க அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் வரும் என்று பிரான்சு எதிர்பார்த்தது. அவை வரவில்லை. (நம் புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது அதே ஆண்டு நவம்பர் 1-இல். ஒரு பேரரசு ஒரே ஆண்டில் எத்தனை பக்கம் சுருங்கியது பாருங்கள்.)

1956 நவம்பர். எகிப்தின் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கியதும் பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலோடு சேர்ந்து படையெடுத்தன. அந்தப் படையெடுப்பு நியாயமானது என்று நான் சொல்லவில்லை. காலனி ஆட்சியின் கடைசி ஆணவம் அது. நாம் கவனிக்க வேண்டியது அது முடிந்த விதத்தை. சோவியத் யூனியன் ராக்கெட்டைக் காட்டி மிரட்டியது. அமெரிக்கா பிரிட்டனின் பவுண்டு நாணயத்தின் கழுத்தைப் பிடித்தது. பிரிட்டன் சில நாளில் நிறுத்திக்கொண்டது. வேறு வழியில்லாமல் பிரான்சும் நிறுத்தியது.

இங்கேதான் வரலாறு ஒரு நல்ல ஒப்பீட்டைத் தருகிறது. ஒரே அடியை வாங்கிய இரண்டு நாடுகள் நேர் எதிரான பாடங்களைப் படித்தன. இனி அமெரிக்காவை விட்டு விலகக் கூடாது என்று பிரிட்டன் முடிவு செய்தது. 1958-இல் அமெரிக்காவோடு அணு ஆயுத ஒப்பந்தம் போட்டது, 1962 டிசம்பரில் போலாரிஸ் ஏவுகணைகளை வாங்கச் சம்மதித்தது. இனி அமெரிக்காவை நம்பியிருக்கக் கூடாது என்று பிரான்சு முடிவு செய்தது. அதே போலாரிஸ் பிரான்சுக்கும் தர முன்வந்தபோது, 1963 ஜனவரியில் தெ கோல் செய்தியாளர்கள் முன்னிலையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஒரு சிறு திருத்தம். குண்டு தெ கோலின் குண்டு என்றே பலரும் நினைக்கிறார்கள். அவர் 1958 நடுவில் ஆட்சிக்குத் திரும்பும் முன்பே வேலை நடந்துகொண்டிருந்தது. 1960-இன் தொடக்கத்தில் சோதனைக்குத் தயாராக வேண்டும் என்ற ஆணையில் 1958 ஏப்ரலில் கையெழுத்திட்டவர் அப்போதைய பிரதமர் ஃபெலிக்ஸ் கையார். நான்காம் குடியரசில் அரசுகள் மாதக்கணக்கில் கவிழ்ந்துகொண்டிருந்தன, ஆனால் இந்த வேலை மட்டும் நிற்கவில்லை. நாடகத்தில் ராஜா மாறிக்கொண்டே இருந்தாலும் பின்னால் திரை இழுப்பவர் மாறவில்லை.

1960 பிப்ரவரி 13. அல்ஜீரியாவின் சகாரா பாலைவனத்தில் ரெகான் என்ற இடத்துக்கு அருகே முதல் குண்டு வெடித்தது. சுமார் 70 கிலோ டன், அதாவது ஹிரோஷிமா குண்டைப் போல நான்கு மடங்குக்கும் மேல். பிரான்சு நான்காவது அணு ஆயுத நாடு ஆனது.

குண்டு இருந்தால் போதாது, அதைக் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். 1964-இல் மிராஜ் 4 விமானங்கள் தயாராயின. அவை மாஸ்கோ வரை போக வேண்டுமென்றால் வழியில் வானத்திலேயே எரிபொருள் நிரப்ப வேண்டும். அதற்கான 12 டேங்கர் விமானங்களை எங்கே வாங்கினார்கள் தெரியுமா? அமெரிக்காவின் போயிங்கிடம்! குண்டு சொந்தம், விமானம் சொந்தம், பெட்ரோல் ஊற்றும் வண்டி மட்டும் யாரிடமிருந்து விடுபட நினைத்தார்களோ அவர்களுடையது. அதே 1964-இல், பிரெஞ்சு அணு ஆயுதத் திட்டத்துக்கு உதவும் எதையும், பெரிய கணிப்பொறிகள் உட்பட, தரக் கூடாது என்று வாஷிங்டன் உத்தரவு போட்டது. அதன் விளைவாக 1966-இல் சொந்தக் கணிப்பொறித் தொழில் வேண்டும் என்று பிரான்சு ஒரு பெரிய அரசுத் திட்டம் தொடங்கியது. அது பத்தாண்டுகூடத் தாங்கவில்லை. மறுக்கப்பட்டதெல்லாம் மன உறுதியினால் கிடைத்துவிடும் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். தோற்றவையும் இந்தக் கணக்கில் உண்டு.

இனி ராக்கெட். 1945-இல் ஜெர்மனி தோற்றதும் வி-2 ராக்கெட் செய்த பொறியாளர்களை நான்கு வெற்றி நாடுகளும் பங்கு போட்டுக்கொண்டன. ஃபான் பிரவுன் அமெரிக்கா போன கதை எல்லாருக்கும் தெரியும். பிரான்சும் பல பொறியாளர்களை அழைத்து வந்து, சேன் நதிக்கரையில் வெர்னோன் என்ற ஊரில் குடியமர்த்தி வேலை கொடுத்தது. அவர்களில் ஒருவர் ஹைன்ஸ் பிரிங்கர். அந்தப் பெயரை மறக்காதீர்கள், கடைசியில் நம் ஊர்ப் பக்கம் வரப்போகிறது. அங்கே செய்த முதல் ராக்கெட்டின் பெயர் 'வெரோனிக்'. பெண் பெயர் போலத் தெரியும். வெர்னோன் என்ற ஊர்ப் பெயரையும் எலெக்ட்ரானிக் என்ற சொல்லையும் ஒட்டிச் செய்த பெயர் அது.

போர் ஏவுகணைக்காகச் செய்த சோதனை ராக்கெட்டுகளுக்கு அகேட், புஷ்பராகம், மரகதம், மாணிக்கம், நீலம் என்று ரத்தினங்களின் பெயர்களை வைத்தார்கள். அந்த உறுப்புகளைக் கொண்டே செயற்கைக்கோள் ஏவும் ராக்கெட் ஒன்றைக் கட்டி அதற்கு 'தியமான்', அதாவது வைரம், என்று பெயரிட்டார்கள். 1965 நவம்பர் 26-இல், சகாராவின் ஹம்மாகீர் தளத்திலிருந்து அது சுமார் 40 கிலோ எடையுள்ள ஒரு செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. படக்கதை வீரன் ஆஸ்டெரிக்ஸின் பெயர்தான் அதற்கு. ஏவும்போது அதன் ஆன்டெனா அடிபட்டுவிட்டதால் சீக்கிரமே பேச்சு நின்றுபோனது. ஆனால் சொந்த ராக்கெட்டில் சொந்தச் செயற்கைக்கோளை ஏவிய மூன்றாவது நாடு என்ற இடம் பிரான்சுக்குக் கிடைத்துவிட்டது. முதலிரண்டும் சோவியத் யூனியனும் அமெரிக்காவும். ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: போர் ஏவுகணையும் விண்வெளி ராக்கெட்டும் ஒரே தொட்டிலில் வளர்ந்த பிள்ளைகள். எந்த நாட்டிலும் அப்படித்தான்.

அடுத்த ஆண்டு 1966 மார்ச்சில் தெ கோல் நேட்டோவின் கூட்டுப் படைத்தலைமையிலிருந்து பிரான்சை விலக்கிக்கொண்டார். அமெரிக்கத் தளங்கள் பிரெஞ்சு மண்ணை விட்டுப் போயின. நேட்டோ தலைமையகம் பெல்ஜியத்துக்கு மாறியது. 1968-இல் ஹைட்ரஜன் குண்டு, 1971-இல் அணு ஏவுகணை நீர்மூழ்கி என்று அடுத்தடுத்து வந்தன.

இதுவரை படித்தவர்களுக்குக் கொஞ்சம் பெருமிதமாக இருந்திருக்கும். தன்மானம் உள்ள ஒரு நாட்டின் கதை அல்லவா? இப்போது இதற்கு விலை கொடுத்தது யார் என்று பார்ப்போம்.

குண்டு வெடித்தது பாரிசில் அல்ல. அல்ஜீரியாவில் 17 சோதனைகள் நடந்தன. நாலு திறந்த வெளியில், மீதி இன் எக்கர் என்ற இடத்தில் மலையைக் குடைந்து. 1962-இல் அல்ஜீரியா விடுதலை பெற்ற பிறகும், ஒப்பந்தத்தின்படி சகாராத் தளங்களைச் சில ஆண்டுகள் பிரான்சு வைத்துக்கொண்டது. அந்த 1962 மே 1-ஆம் தேதி, மலைக்குள் நடந்த ஒரு சோதனையில் அடைப்பு பிய்த்துக்கொண்டு கதிரியக்கப் புகை வெளியே வந்தது. பார்க்க வந்திருந்த இரண்டு அமைச்சர்கள்கூட அதில் மாட்டிக்கொண்டு ஓடினார்கள். அமைச்சர்களைக் கழுவிவிட ஆட்கள் இருந்தார்கள். அந்தப் பாலைவனத்தில் ஒட்டகம் மேய்த்தவர்களை யார் கழுவினார்கள்? மணலில் புதைத்த கழிவு எங்கெங்கே இருக்கிறது என்று அல்ஜீரியா இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அதன்பின் பசிபிக் கடலின் பிரெஞ்சுப் பாலினேசியா. 1966 முதல் 1996 வரை மொருரோவா, ஃபங்கடாவ்ஃபா என்ற இரண்டு பவளத் தீவுகளில் 193 சோதனைகள். 1985 ஜூலையில், இதை எதிர்த்துப் புறப்படவிருந்த கிரீன்பீஸ் கப்பலை நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்தில் பிரெஞ்சு உளவாளிகள் குண்டு வைத்து மூழ்கடித்தார்கள். ஃபெர்னாண்டோ பெரெய்ரா என்ற புகைப்படக்காரர் இறந்தார். பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டம் வந்தது 2010-இல், முதல் குண்டு வெடித்து ஐம்பது ஆண்டுகள் கழித்து. அதிலும் இழப்பீடு கிடைத்த அல்ஜீரியர்கள் மிக மிகச் சிலர். பாலினேசியாவுக்குத் தன் நாடு கடன்பட்டிருக்கிறது என்று அதிபர் மக்ரோன் 2021-இல் தாஹித்தியில் நின்று சொன்னார்.

சுதந்திரமாக இருக்க விரும்பிய நாடு, அந்தச் சுதந்திரத்துக்கான நெருப்பைச் சுதந்திரம் இல்லாதவர்களின் முற்றத்தில் மூட்டியது. இந்த வரலாற்றைப் பாடமாக நடத்தும் எவரும் இந்த வாக்கியத்தை விட்டுவிட்டு நடத்தக் கூடாது என்பது என் கருத்து.

அல்ஜீரியா கை விட்டுப் போவதால் ராக்கெட் தளமும் மாற வேண்டியிருந்தது. 1964-இல் தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் கூரூவைத் தேர்ந்தெடுத்தார்கள். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகைதான். பூமி சுழலும் வேகம் அங்கே அதிகம் என்பதால் கிழக்கு நோக்கி ஏவும் ராக்கெட்டுக்கு அது இலவச உந்துதல். எதிரே பெரிய கடல். இடம் அருமைதான். அங்கேயும் குடியிருந்த மக்களைக் கிளப்பித்தான் தளம் வந்தது. 2017-இல் கயானா மக்கள் மருத்துவமனை, பள்ளி, பாதுகாப்பு கேட்டுப் பெரிய வேலைநிறுத்தம் செய்தபோது ராக்கெட்டையும் வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள்.

இப்போது கதையின் முக்கியமான திருப்பம். குண்டைத் தனியாகச் செய்த பிரான்சுக்கு, பெரிய ராக்கெட்டைத் தனியாகச் செய்யப் பணமும் இல்லை, சந்தையும் இல்லை. 1960-களில் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து 'யூரோப்பா' என்று ஒரு ராக்கெட் செய்தன. முதல் அடுக்கு பிரிட்டன், இரண்டாவது பிரான்சு, மூன்றாவது ஜெர்மனி. ஆளுக்கொரு துண்டு செய்து ஒட்டினார்கள், மொத்தத்துக்குப் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை. ஒரு செயற்கைக்கோளைக்கூட அது சுற்றுப்பாதையில் வைக்கவில்லை.

அந்த நேரத்தில் பிரான்சும் ஜெர்மனியும் 'சிம்ஃபோனி' என்ற தகவல்தொடர்புச் செயற்கைக்கோளைச் செய்து முடித்துவிட்டு, ராக்கெட் இல்லாமல் அமெரிக்காவிடம் போய் நின்றன. ஏவித் தருகிறோம், ஆனால் இதை வைத்து வணிகம் செய்யக் கூடாது, சோதனைக்கு மட்டும்தான் என்று அமெரிக்கா நிபந்தனை போட்டது. 1974 டிசம்பரில் அப்படியே ஏவப்பட்டது. ஐரோப்பாவுக்குச் சொந்த ராக்கெட் வேண்டும் என்று பிரான்சு பல ஆண்டுகள் தொண்டை கிழியப் பேசியும் நடக்காத காரியத்தை இந்த ஒரு நிபந்தனை நடத்திக் காட்டியது. 1973-லேயே ஏரியன் ராக்கெட் திட்டத்துக்கு ஐரோப்பிய நாடுகள் சம்மதித்தன. இந்த முறை யூரோப்பாவின் தவறு நடக்கவில்லை. பெரும்பங்கு பணம் பிரான்சு போட்டது, தலைமையும் பிரான்சே ஏற்றது. 1979 டிசம்பர் 24-இல் ஏரியன் எழுந்தது.

அந்த ராக்கெட்டின் வைக்கிங் எஞ்சினை வடிவமைத்தவர் நான் மறக்க வேண்டாம் என்று சொன்ன ஹைன்ஸ் பிரிங்கர். 1974-இல் இந்தியாவோடு ஓர் ஒப்பந்தம் ஆனது. நம் இஸ்ரோ பொறியாளர்கள் வெர்னோன் போய் அந்த எஞ்சின் வேலையில் உழைப்பைத் தந்தார்கள், பதிலுக்கு அதன் தொழில்நுட்பத்தைப் பெற்றார்கள். அந்தக் குழுவை நடத்தியவர் நம்பி நாராயணன். அந்த எஞ்சின்தான் இந்தியாவில் 'விகாஸ்' ஆனது. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இன்றும் சோதிக்கப்படுகிறது. பி.எஸ்.எல்.வி. ஒவ்வொரு முறை எழும்போதும் அதன் இரண்டாம் அடுக்கில் எரிவது அந்த வம்சத்து எஞ்சின். ஜெர்மனியில் பிறந்து, வெர்னோனில் வளர்ந்து, மகேந்திரகிரிக்கு மருமகளாக வந்தது. 'முழுக்க முழுக்க எங்கள் சொந்தம்' என்று எந்த நாட்டு மேடையிலாவது யாராவது முழங்கினால் இந்த எஞ்சினை நினைத்துக்கொள்ளுங்கள். தொழில்நுட்பத்தில் சொந்தம் என்பது பிறப்பால் வருவதல்ல. பிரித்துப் போட்டு மறுபடி கட்டத் தெரிந்தவனுக்கு அது சொந்தம்.

ஒரு கசப்பான குறிப்பும் உண்டு. 1987-இல் ஏவுகணைத் தொழில்நுட்பம் பிற நாடுகளுக்குப் போகாமல் தடுக்க ஏழு பணக்கார நாடுகள் ஒரு ஏற்பாடு செய்தன. அந்த ஏழில் பிரான்சும் ஒன்று! அதே ஏற்பாட்டைக் காரணம் காட்டித்தான் 1990-களில் இந்தியாவுக்கு ரஷ்யா கிரையோஜெனிக் எஞ்சின் நுட்பத்தைத் தரவிடாமல் அமெரிக்கா தடுத்தது. நாம் சொந்தமாகச் செய்த எஞ்சினோடு ஜி.எஸ்.எல்.வி. வெற்றி பெற்றது 2014 ஜனவரியில். வாசலில் நிறுத்தப்பட்டவன் உள்ளே போனதும் கதவைச் சாத்துவது மனித இயல்பு, நாடுகளின் இயல்பும்கூட. ஆனால் நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்காவும் ஜப்பானும் தடை போட்டபோது, பிரான்சு தடை போடவில்லை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1991 வளைகுடாப் போரில் எதிரியின் படை எங்கே இருக்கிறது என்று அறிய அமெரிக்கா காட்டும் படங்களையே பிரெஞ்சுத் தளபதிகள் நம்ப வேண்டியிருந்தது. அடுத்தவன் கண்ணால் பார்ப்பவன் அடுத்தவன் காட்டுவதைத்தான் பார்ப்பான். 1995 ஜூலையில் 'ஹீலியோஸ்' என்ற சொந்த உளவுச் செயற்கைக்கோளை இத்தாலி, ஸ்பெயினோடு செலவைப் பகிர்ந்து ஏவினார்கள். 2019-இல் தனி விண்வெளிப் படைத்தலைமையும் அமைத்தார்கள்.

எல்லாம் முடிந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று நினைத்தபோது மறுபடி ஓர் அடி. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் கூரூவிலிருந்து ஏவப்பட்டுவந்த ரஷ்ய சோயுஸ் நின்றது. 2023 ஜூலையில் ஏரியன் 5 ஓய்வு பெற்றது. ஏரியன் 6 தாமதமாகி 2024 ஜூலையில்தான் பறந்தது. இடையில் ஐரோப்பாவின் சொந்த வழிகாட்டிச் செயற்கைக்கோள்களான கலிலியோவையே அமெரிக்க ஃபால்கன் ராக்கெட்டில் ஏற்ற வேண்டி வந்தது. சிம்ஃபோனி கதைக்கு ஐம்பது ஆண்டுகள் கழித்து மறுபடி அதே வாசல். பிரான்சின் புதிய உளவுச் செயற்கைக்கோள் மட்டும் காத்திருந்து, 2025 மார்ச்சில் ஏரியன் 6-இல் போனது. இரகசியக் கண்ணை அடுத்தவர் வண்டியில் ஏற்ற அவர்களுக்கு மனம் வரவில்லை.

ஆக, என் மாணவருக்கு நான் சொல்லும் பதில் இது. பிடிவாதம் என்று நீங்கள் பார்ப்பது அடி வாங்கி வாங்கிக் கற்ற பாடம். அந்தப் பாடம் பொய்யல்ல. மற்றவர் தருவது மற்றவர் நினைத்தால் நின்றுவிடும். ஆனால் தற்சார்பு ஒருமுறை சம்பாதித்துப் பெட்டியில் பூட்டி வைக்கும் நகை அல்ல, ஆண்டுதோறும் உழுது விதைக்க வேண்டிய நிலம். ஓர் ஆண்டு தரிசாகப் போட்டால் அடுத்த வீட்டில் அரிசி கேட்க வேண்டியதுதான். அது தனியாக நிற்பதாலும் வருவதில்லை: பிரான்சு குண்டைத் தனியாகச் செய்தது, ராக்கெட்டைக் கூட்டாளிகளோடு செய்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நாடு 'நாமே செய்தோம்' என்று மார்தட்டும்போது, அந்த 'நாம்' என்ற சொல்லுக்குள் ரெகானின் மேய்ப்பனும் மொருரோவா கடலின் மீனவனும் இருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். நம் நாட்டைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கும் துணிவு நமக்கு வேண்டும்.

குடும்பத்தில் அல்ஜீரியாவில் பணி செய்த சொல்தா யாராவது இருந்தால், அவர்கள் சகாராவைப் பற்றி ஏதாவது சொன்னது உங்களுக்கு நினைவிருந்தால், கீழே எழுதுங்கள். எழுதாமல் விட்டால் அவர்களோடு போய்விடும். பிரான்சில் படிக்கும் பேரப்பிள்ளைகளுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லுங்கள், அது இன்னும் நல்லது.

எல்லாரும் நலமாக இருங்கள்.